சீன எழுத்துக்கலையில் சாதாரணக் கடிதங்களும் வரைவுகளும் ஏன் இவ்வளவு போற்றப்படுகின்றன?

கல்லில் பொறிப்பதற்கென்றே திருத்தமாக எழுதப்பட்டவை ஏராளமாக இருக்க, போகிற போக்கில் எழுதிய கடிதங்களையும் அடித்தல் திருத்தல் நிறைந்த வரைவுகளையும் சீன மரபு ஏன் உச்சத்தில் வைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியவரின் மனம் முழுவதும் சொல்ல வந்த செய்தியில் இருந்ததால், பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கை தன் இயல்பிலேயே சென்றிருக்கிறது என்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்துக்கலைஞர் வாங் ஷீஜியின் புகழ்பெற்ற கடிதம் ஒன்றில் 12 எழுத்துகளே உள்ளன: 300 ஆரஞ்சுப் பழங்கள் அனுப்புகிறேன், உறைபனி இன்னும் விழவில்லை, இதற்கு மேல் கிடைக்காது. தாங் அரசமரபுக் காலத்து (618–907) துறவி ஹுவாய்சு, கசப்பு மூங்கில் குருத்தையும் தேநீரையும் பாராட்டி 14 எழுத்துகளில் எழுதிய சீட்டு இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் என்னை மிகவும் ஆட்கொண்டது தாங் கால அதிகாரியும் எழுத்துக்கலைஞருமான யான் ஜென்சிங் 758இல் எழுதிய இரங்கலுரையின் வரைவு. தளபதி ஆன் லூஷான் தாங் அரசுக்கு எதிராக எழுப்பிய கலகத்தில் கொல்லப்பட்ட, ஒன்றுவிட்ட அண்ணனின் மகனுக்காக எழுதியது அது. இளைஞனின் தலை மட்டுமே மீட்கப்பட்டிருந்தது. தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் வெளியிட்டுள்ள படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒருமுறை மை தொட்ட தூரிகை அது வற்றிக் கோடுகள் வறண்டு பிளக்கும்வரை நிற்காமல் ஓடியிருப்பதும், சொற்கள் அடிக்கப்பட்டு ஓரத்தில் வேறு சொற்கள் நுழைந்திருப்பதும், முடிவை நெருங்க நெருங்க எழுத்துகள் கட்டவிழ்ந்து விரைவதும் தெளிவாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்திலும் எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்பது மரபால் வரையறுக்கப்பட்டிருப்பதால், அந்தக் கை எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பதைப் பயின்ற கண் வரிவரியாகப் பின்தொடர முடிகிறது. துயரத்தைச் சொல்லும் எழுத்து உலகில் நிறைய உண்டு. துயரம் கையை நடத்திச் சென்ற வேகத்தையே காட்டும் எழுத்து மிக அரிது.

இவரே 752இல் தோபாவ் என்ற பௌத்தத் தூபியின் கல்வெட்டுக்காக எழுதிய எழுத்துகள் ஒரே சீராக, கம்பீரமாக நிற்பவை. அந்தக் கட்டுப்பாடு கைவசம் இருந்தவர் என்பதால்தான் அவருடைய வரைவு எவ்வளவு குலைந்தாலும் கோணலாகவில்லை. பயிற்சியற்ற அவசரத்தை யாரும் இப்படிப் போற்றுவதில்லை.

வாங் ஷீஜி தன் கையால் எழுதிய மூலப்படி எதுவும் இன்று எஞ்சவில்லை. நாம் காண்பவை பிற்காலத்தில் எடுத்த படிகள், அவற்றுள் பல எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்து உள்ளே மை நிரப்பியவை. ஆகவே புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு, மூலமாகவே எஞ்சியுள்ள யான் ஜென்சிங்கின் வரைவையும், அவருடைய கல்வெட்டின் மைப்படியையும் (கல்லின் மேல் தாளை வைத்து மை ஒற்றி எடுத்த படி) அருகருகே வைத்துப் பார்க்குமாறு பரிந்துரைப்பேன்.