மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணிப் பேட்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலம் பக்கத்து மலைக்கிராமங்களிலும் இருக்கும் பள்ளி விடுதிகளுக்கு, மாதவிலக்கு நாட்களில் வைத்துக்கொள்ள, துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட் கொண்டுபோகும் ஒரு சின்னக் குழுவில் வேலை செய்கிறேன். தைப்பது, பையில் போடுவது, ஜீப் பிடிப்பது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது எல்லாம் நாங்களேதான். இந்த வாரம் எங்களுக்கு நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்ததை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, அரசாங்கமே இலவசமாக நாப்கின் தருகிறதே. அப்புறம் எதற்குத் துணிப் பேட்?

தருகிறது, நல்ல திட்டம். அதைக் குறைசொல்ல மாட்டேன். 2011-12இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ள பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 9 வருகிறது. ஐந்து நாள் போக்கு, நாளைக்கு 3 மாற்றினாலே 15 வேண்டும். கீழே ஊரில் இருக்கும் பிள்ளை மிச்சத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளும். மலையில் இருக்கும் பிள்ளைக்கு மெடிக்கல் ஷாப் என்பது ஒரு பஸ் பயணம். அதனால் காலையில் வைத்த நாப்கினோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது? குப்பை வண்டி அந்த ஊர்களுக்கு வருவதில்லை. ஓடையில் போடுகிறார்கள், புதரில் வீசுகிறார்கள், நாய் இழுத்துக்கொண்டு வருகிறது. பள்ளியில் எரிக்கும் எந்திரம் வைத்திருப்பார்கள், கரண்ட் இருக்காது, இல்லாவிட்டால் ரிப்பேர் ஆகிக் கிடக்கும். எனவே பிள்ளைகளிடம் நான் சொல்வது: அரசு நாப்கினை வாங்கிக்கொள்ளுங்கள், பஸ் ஏறும் நாளுக்கும் பரீட்சை நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நேரம் துணிப் பேட் கைகொடுக்கும்.

என் அம்மா பழம்புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத் தெரியும். மறுபடியும் துணிக்கே போகச் சொல்கிறீர்களா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறதம்மா. ஆனால் யோசித்துப் பாருங்கள், அம்மா அந்தத் துணியை எங்கே காயப்போட்டார்கள்? மாட்டுக்கொட்டகைக் கூரைக்குள், இல்லாவிட்டால் பாவாடைக்கு அடியில். சரியாகக் காயாத ஈரத்துணியை மறுபடி கட்டியதில் வந்ததுதான் அரிப்பும் புண்ணும். இடுப்பில் நிற்காமல் நழுவியது இன்னொரு துன்பம். இப்போது வருவது பருத்தி ஃபிளானல் அடுக்குகளோடு, கசியாத ஒரு அடுக்கும் வைத்து, இரண்டு பக்கமும் இறக்கை வைத்துப் பிரஸ் பட்டன் போட்டது. ஆரோவில்லில் இருக்கும் ஈகோஃபெம் என்ற அமைப்பு பல வருடமாக இதைச் செய்து, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவருகிறது.

துணி போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப்பேர் துணியும் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதிப்பேருக்கு நல்ல துணியும் அதைக் காயவைக்க நல்ல இடமும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

எங்கள் அறக்கட்டளை ஒரு மலைப் பள்ளிக்கு 200 செட் அனுப்பியது. ஆறு மாதம் கழித்து விசாரித்தால் பாதிப் பிள்ளைகள் தொடவே இல்லையாம். ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். துணி பிடிக்காமல் ஒதுக்குகிற பிள்ளைகள் குறைவு. துவைக்கவும் காயவைக்கவும் வழியில்லாமல் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

விடுதியில் போய்ப் பாருங்கள். வெளியே ஒரு தொட்டி, அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் துவைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ரத்தத் துணியை எந்தப் பிள்ளை எடுக்கும்? குளியலறைக்குள் துவைக்கலாம் என்றால் உள்ளே குழாய் இருக்காது, வாளி இருக்காது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. எல்லாவற்றையும் தாண்டித் துவைத்துவிட்டால், கொடி இருப்பது வார்டன் அறைக்கு முன்னால், ஆண்பிள்ளைகள் நடக்கும் வழியில். ஒரு விடுதியில் பார்த்தேன்: கட்டிலுக்கு அடியில் சுவர் ஓரமாக ஒரு ஆணி அடித்து, அதில் பேடைத் தொங்கவிட்டு, மேலே துண்டை மூடியிருந்தது ஒரு பிள்ளை. தொட்டுப் பார்த்தேன், இரண்டு நாளாகியும் நடுவில் சொதசொதவென்று ஈரம்.

அதனால் இப்போது பேட் போவதற்கு முன்னால் நாங்கள் போய் நான்கு விஷயம் பார்க்கிறோம். உள்ளே தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுமா, இதற்கென்று தனி வாளியும் மக்கும் உண்டா, வெயில் விழும் மறைவான இடத்தில் கொடி கட்ட முடியுமா. பெரும்பாலும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தட்டி மறைப்பு வைத்தாலே போதும், மேலே வானம் திறந்திருந்தால் வெயில் விழும். மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டுக் காயவைக்கலாம், காற்று போகும், கண்ணிலும் படாது. பிளாஸ்டிக் போட்டு மூடாதீர்கள்.

துவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, சாதாரணச் சோப்புப் போட்டுக் கசக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தக்கறை நூலிலேயே பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங் வேண்டாம், வாசனைக்குப் போடும் கம்ஃபர்ட் வகையறா வேண்டவே வேண்டாம், பேட் உறிஞ்சாமல் போய்விடும்.

கொண்டுபோகும் மாதமும் முக்கியம். ஜவ்வாது மலையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையும் பனிமூட்டமும். அப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் மாதமே காயாமல் நாற்றமடிக்கும், பிள்ளை அதோடு கைவிட்டுவிடும். ஜூனில் பள்ளி திறந்ததும் கொடுத்தால் வெயில் இருக்கும்போதே பழகிவிடுவார்கள். நீலகிரியில் கூடலூர் பக்கம் இதற்கு நேர்மாறு, அங்கே ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அங்கே ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

ஒரு பிள்ளைக்கு எத்தனை கொடுக்க வேண்டும்? எந்த மாதிரி?

சமவெளியில் 5 போதும். மலையில் 7, 8 கொடுங்கள், காய இரண்டு நாள் ஆகும். முழுக்கத் தைத்த தடிமனான பேடைவிட, வெளி உறை தனியாகவும் உள்ளே வைக்கும் துணி தனியாகவும் இருப்பது நல்லது. உள்துணியை விரித்தால் கைக்குட்டை மாதிரி ஆகிவிடும், சீக்கிரம் காயும், கொடியில் கிடந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிறம் அடர்ந்ததாக இருக்கட்டும்.

கூடவே இரண்டு ஜட்டி கண்டிப்பாகக் கொடுங்கள். இதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். எலாஸ்டிக் தொய்ந்த ஒரே ஜட்டியை வைத்துக்கொண்டு இறக்கை வைத்த பேடை எதில் மாட்டும் அந்தப் பிள்ளை? அளவு கேட்டு வாங்குங்கள். ஈரம் கசியாத ஒரு ஜிப் பையும் இருந்தால் பள்ளியில் மாற்றியதை மடித்து எடுத்துவரலாம்.

மென்ஸ்ட்ருவல் கப் கொடுத்தால் துவைக்கும் வேலையே இல்லையே?

உடம்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடித்து, கொட்டிக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளும் சின்னக் கிண்ணம்தான் கப். நல்ல பொருள், நானே பயன்படுத்துகிறேன். 2019இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கப்பால் தொற்று கூடவில்லை என்றுதான் சொன்னார்கள். கேரளத்தில் ஆலப்புழாவில் அதே 2019இல் ‘திங்கள்’ என்று திட்டம் போட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். ஆனால் பழகச் சில மாதம் பிடிக்கும், அதுவரை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். விடுதியில் கப்பைக் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம் யார் தருவார்கள்? பெரிய பிள்ளைகள் தாங்களாகக் கேட்டால் கொடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் பொருளாக அதைத் திணிக்க வேண்டாம்.

நான் மலைப் பள்ளியில் ஆண் ஆசிரியர். இதில் நான் என்ன செய்ய முடியும்? பேசவே கூச்சமாக இருக்கிறது.

சார், உங்களை மாதிரி ஒருவர் இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. பேடைப் பற்றிப் பேசுவதை ஆசிரியையிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ விடுங்கள். தாழ்ப்பாள், தண்ணீர் லைன், மறைப்பு இதையெல்லாம் நீங்கள் தலைமையாசிரியரிடம் பேசி வாங்கிக்கொடுங்கள். பாட நேரத்தில் பிள்ளை எழுந்து வெளியே போகக் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். கறை பட்டதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பேட் கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கையில் பொட்டலத்தோடு போட்டோ எடுக்க விடாதீர்கள். நன்கொடையாளர் கேட்டாலும் விடாதீர்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்கு நினைத்தாலே வயிறு எரிகிறது.

பேட் கொடுத்தால் பிள்ளைகள் லீவு போடுவது குறையும் என்று திட்ட அறிக்கையில் எழுதலாமா?

எழுதாதீர்கள். நேபாளத்தில் சித்வனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கப் கொடுத்து ஒரு ஆய்வு நடந்து 2011இல் வெளியானது. வருகைப் பதிவில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாதவிலக்கால் போன நாட்களே வருடத்துக்கு ஒரு நாள்கூட வரவில்லை அங்கே. நான் பார்த்தவரை லீவு போடுவது பெரும்பாலும் வயிற்றுவலியால். சுடுதண்ணீர்ப் பை, மாத்திரை, படுக்க ஒரு பாய், இது பள்ளியில் இருக்கிறதா பாருங்கள். வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியாக வீசுகிறார்களா என்றும் பாருங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வகுப்பில் கவனம் சிதறாமல், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஒரு பிள்ளை உட்கார முடிவதே பேட் கொடுக்கப் போதுமான காரணம்.

எங்கள் பக்கத்து ஊரில் அந்த நாட்களில் பெண்களைத் தனி வீட்டில் உட்காரவைக்கிறார்கள். அங்கே எப்படி?

முட்டுவீடு வழக்கம் இருக்கும் ஊரில் போன உடனே அதை உடைக்கப் பேசினால் அடுத்தமுறை ஊருக்குள் விட மாட்டார்கள், நஷ்டம் பிள்ளைகளுக்கு. பாட்டிமாரோடு உட்காருங்கள், அவர்கள் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அந்த வீட்டில் விளக்கும் தண்ணீரும் கதவும் இருக்க வேண்டும் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வைக்கலாம். அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்த ஊரில் படித்த பிள்ளைகளே அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலரிடம், அவர் இல்லாத மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நல அலுவலரிடம். மற்ற அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர். நீங்களே தைப்பதாக இருந்தால் துவைத்துப் பயன்படுத்தும் பேடுக்கு ஐஎஸ் 17514 என்று 2021இல் இந்தியத் தரம் வந்திருக்கிறது, வாங்கிப் படித்துவிட்டுத் தையுங்கள்.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். எதில் போடுவது?

ஒரே ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் துணிப் பேட் ஒன்றே 150லிருந்து 300 ரூபாய் வரை வரும், மொத்தத்தையும் அதில் போட்டால் இருபது பிள்ளைகளுக்குக்கூடப் போதாது. முதலில் வாளி, மக்கு, தாழ்ப்பாள், கொடிக்கயிறு, தட்டி. அடுத்து ஜட்டியும் சோப்பும். மீதியில் ஃபிளானல் துணி வாங்கி, அந்த ஊர் மகளிர் குழுவில் தையல் தெரிந்தவர்களிடம் கூலி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பட்டன் போனாலும் ஓரம் பிரிந்தாலும் அங்கேயே சரிசெய்துகொள்வார்கள், உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒருமுறை போய், பேட் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் நேராகப் பின்பக்கம் போய்க் கொடியைப் பாருங்கள்.