வாசகர் கேள்வி–பதில்: லினக்ஸில் டிஸ்க் இடமும் அடைவு அமைப்பும்

கேள்வி: எங்கள் சர்வரின் ரூட் பார்ட்டிஷன் 50 ஜிபி கொண்டது, எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை வகை. அதில் 47.5 ஜிபி பயன்பட்டுவிட்டதாகவும் மீதி எதுவும் இல்லை என்றும் டிஎஃப் கட்டளை காட்டியது. /வார்/லாக் அடைவில் 18 ஜிபி அளவுக்கு வளர்ந்திருந்த பதிவுக் கோப்பை அழித்தேன். அதன் பிறகும் டிஎஃப் அதே எண்ணைத்தான் காட்டுகிறது. டியூ கட்டளை கொண்டு கூட்டினாலோ 29.5 ஜிபிதான் வருகிறது. மீதி இடம் எங்கே?

பதில்: இரண்டு கட்டளைகளும் சொல்வது சரியே. டிஎஃப், கோப்பு முறைமை தானே வைத்திருக்கும் கணக்கை எடுத்துக் காட்டுகிறது. டியூ ஒவ்வோர் அடைவாக இறங்கிச் சென்று, பெயர் உள்ள கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது அடைவில் இருக்கும் அதன் பெயர்தான் உடனே போகிறது. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அதன் உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும். அந்த நிரல் அதில் மேலும் எழுதிக்கொண்டே போகவும் முடியும். நீங்கள் அழித்த 18 ஜிபியையும் டியூ சொன்ன 29.5 ஜிபியையும் கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். எஞ்சிய 2.5 ஜிபி, ரூட் பயனருக்கென்று, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக்கென்று, எக்ஸ்ட்4 இயல்பாக ஒதுக்கிவைக்கும் 5 விழுக்காடு. ரூட் பார்ட்டிஷனில் அந்த ஒதுக்கீட்டில் கைவைக்க வேண்டாம் என்பேன். டிஸ்க் நிறைந்த நாளிலும் நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்ய முடிவது அதனால்தான். தரவு மட்டுமே இருக்கும் பெரிய பார்ட்டிஷனில் டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அதை 1 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற தெரிவுடன் இயக்கினால், பெயர் போன பின்னும் திறந்தே இருக்கும் கோப்புகளும், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் நிரல்களின் எண்களும் வரிசையாக வரும். உரிய சேவையை மறுபடி தொடங்கினால் இடம் உடனே திரும்பிவிடும். சேவையை நிறுத்தவே இயலாத நிலை என்றால், /ப்ராக் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே எஃப்டி என்ற அடைவு இருக்கும். அதில் அக்கோப்பைக் குறிக்கும் எண்ணை ட்ரன்கேட் கட்டளைக்குக் கொடுத்து அளவைச் சுழியமாக்கலாம். இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் பதிவுக் கோப்பை அழிக்காதீர்கள். அந்த வேலையை, பதிவுக் கோப்புகளைச் சுழற்சியில் மாற்றும் லாக்ரொட்டேட் நிரலிடம் விட்டுவிடுங்கள். பழைய கோப்பை விட்டுவிட்டுப் புதியதைத் திறக்கும்படி சேவைக்குச் சொல்ல அதில் வழி உண்டு. நகலெடுத்துவிட்டு மூலத்தைச் சுருக்கும் காப்பிட்ரன்கேட் முறையும் உண்டு. ஆனால் நகலெடுத்து முடிப்பதற்கும் சுருக்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் வரிகள் தொலைந்துபோகக்கூடும் என்பதால் அது எனக்கு இரண்டாம் தேர்வுதான்.

கேள்வி: 100 ஜிபி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் 40 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் சாதனத்தில் இடமில்லை என்ற பிழை வருகிறது. ஏன்?

பதில்: டிஎஃப் கட்டளையை -ஐ தெரிவுடன் இயக்கிப் பாருங்கள், ஐநோடுகள் தீர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைக் குறித்துவைக்கும் ஓர் ஐநோடு வேண்டும். எக்ஸ்ட்4 இயல்பாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில், பார்ட்டிஷனை உருவாக்கும்போதே அவற்றின் எண்ணிக்கையை முடிவுசெய்துவிடுகிறது. உங்களுக்கு ஏறத்தாழ 65 லட்சம் கிடைத்திருக்கும். அமர்வுக் கோப்புகள், வரிசையில் தேங்கிய அஞ்சல்கள் போன்ற சின்னஞ்சிறு கோப்புகள் பெருகும்போது, இடம் தீர்வதற்கு முன்பே இவை தீர்ந்துவிடுகின்றன. டியூவின் --ஐநோட்ஸ் தெரிவு, எந்த அடைவில் கோப்புகள் குவிந்துள்ளன என்று காட்டும். நட்சத்திரக் குறி போட்டு ஆர்எம் கொடுத்தால் பட்டியல் மிக நீளம் என்று அது மறுத்துவிடக்கூடும். ஃபைண்ட் கட்டளையின் -டெலீட் தெரிவு அங்கே கைகொடுக்கும்.

கேள்வி: புதிதாக லினக்ஸ் நிறுவும்போது /ஹோம், /வார், /யூஎஸ்ஆர் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பார்ட்டிஷன் வேண்டுமா?

பதில்: எது தானாக வளரும், எது நீங்கள் மாற்றினால் மட்டும் மாறும் என்று பாருங்கள். 1994இல் முதன்முதலில் வெளிவந்து, 2015இல் 3.0 பதிப்பை எட்டிய அடைவுப் படிநிலைத் தரமும் மாறுவதையும் மாறாததையும் பிரித்தே அடைவுகளை வகுக்கிறது. பதிவுகள், தற்காலிகச் சேமிப்பு, தரவுத்தளங்கள், டாக்கர் என்ற கொள்கலன் கருவியின் படிமங்கள் எல்லாம் வழக்கமாகக் குடியிருப்பது /வார் அடைவில். ஆகவே சர்வரில் அதைத் தனியே வைப்பது நல்லது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் தன்னைத்தானே அந்தக் கோப்பு முறைமையின் 10 விழுக்காட்டுக்குள், அதிகபட்சம் 4 ஜிபிக்குள் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆனால் மற்ற நிரல்கள் எழுதும் பதிவுகளுக்கு அப்படிப்பட்ட வரம்பு தானாக வருவதில்லை. தனிப்பட்ட கணினிக்கு ரூட்டும் /ஹோமும் போதும். /யூஎஸ்ஆரைப் பிரிக்க வேண்டாம்: 2012இல் வந்த ஃபெடோரா 17 முதல் /பின், /லிப் போன்றவை அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டன, மற்ற பல வழங்கல்களும் அதே வழியில் சென்றுவிட்டன.

எதைப் பிரித்தாலும், பிரிவுகளின் அளவைப் பின்னர் மாற்ற இடம் தரும் எல்விஎம் மேல் பிரியுங்கள், டிஸ்க் முழுவதையும் முதல் நாளே பங்கிட்டுத் தீர்த்துவிடாதீர்கள். எக்ஸ்ட்4ஐ ஓடும்போதே பெருக்கலாம், சுருக்குவதற்கோ அதைக் கழற்றியாக (அன்மவுன்ட் செய்தாக) வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமையை நடைமுறையில் பெருக்க மட்டுமே முடியும். சிறிதாகத் தொடங்குவதில் இழப்பில்லை, பெரிதாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதுதான் பெரும்பாடு.

ஏற்கெனவே ஓடும் கணினியில் /வார் அடைவைத் தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சேவைகளை நிறுத்தி, ஆர்சிங்க் கொண்டு நகலெடுத்து, ஏற்ற வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேபில் அதன் அடையாளமான யூயூஐடியைக் குறித்துப் புதிய பார்ட்டிஷனை ஏற்றிய (மவுன்ட் செய்த) பிறகும், பழைய கோப்புகள் அதன் அடியில் மறைந்தபடி ரூட் பார்ட்டிஷனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டியூவின் கண்ணுக்கும் அவை தென்படா. ரூட்டை வேறோர் அடைவிலும் காட்டும் பைண்ட் முறையில் ஏற்றினால் அவை வெளிப்படும். புதிய /வார் ஒழுங்காக இயங்குவதை உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து அவற்றை நீக்குங்கள்.