பாஸ்காவில் நடிப்பவர்களுக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தவக்காலம் நெருங்குகிறது. இந்த முறை மைதானத்தில் பெரிய மேடை போட்டு இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் நடத்தப் போவதால், பெங்களூரில் உள்ள நம் பங்கு இளையோரும் பெற்றோரும் நிறையக் கேட்டிருந்தீர்கள். நான் பல வருடம் வியாகுல மாதாவாக நடித்தவள். இப்போது கூட்டக் காட்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா, எனக்குக் கூட்டத்தில் நிற்கும் வேஷம்தான் கிடைத்திருக்கிறது. தனி வசனம் எதுவும் இல்லை. எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டுமா? (ஹலசூர் இளைஞர்)

கண்டிப்பாக வர வேண்டும் தம்பி. இயேசுவாக நடிப்பவர் நன்றாக நடித்தும் கூட்டம் சரியில்லாமல் விழுந்துபோன பாஸ்காவைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இயேசுவின் முகம் தெரியாது. மேடை முழுக்க நிற்கும் நீங்கள்தான் தெரிவீர்கள்.

ரோமை ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நொடியில் "சிலுவையில் அறையும்!" என்று கத்தினால் அது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும். தலைமைக் குருக்கள் கூட்டத்தைத் தூண்டிவிட்டார்கள் என்று மாற்கு 15:11 சொல்கிறது. அதை அப்படியே செய்கிறோம். இரண்டு பேர் கூட்டத்துக்குள் புகுந்து காதில் ஏதோ சொல்லிக்கொண்டே போவார்கள். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து முதல் குரல் எழும். பக்கத்தில் இருப்பவர் தயங்குவார், அப்புறம் அவரும் சேர்ந்துகொள்வார். ஒருவர் கடைசி வரை வாயே திறக்க மாட்டார். அந்த ஒருவர் நீங்களாகக்கூட இருக்கலாம்.

இயேசு எருசலேமுக்குள் வரும்போது குருத்தோலை பிடித்து ஓசன்னா பாடி வரவேற்ற அதே ஆட்களைத்தான் இந்தக் காட்சியிலும் நிறுத்துவேன், அதே உடையில். பார்க்கிறவர்களுக்கு உங்களை அடையாளம் தெரிய வேண்டும். வசனங்கள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு ஸ்பீக்கரில் வந்தாலும், கூட்டத்தின் குரல் மட்டும் நேரடியாகத்தான் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

யூதர்களை வில்லன்களாகக் காட்டுகிறோமோ என்று உறுத்துகிறது. (வரலாறு படிக்கும் மாணவி, மர்பி டவுன்)

உறுத்த வேண்டிய விஷயம்தான் பாப்பா. பழைய பாஸ்காக்கள் ஐரோப்பாவில் யூதர்கள் மேல் வெறுப்பை வளர்த்திருக்கின்றன. இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர்கள் எல்லோர் மேலும், இன்றைய யூதர்கள் மேலும் போடக் கூடாது என்று 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜெர்மனியின் ஓபராமெர்காவ் கிராமத்தில் 1634 முதல் பாஸ்கா நடக்கிறது. அவர்களே பல வசனங்களை மாற்றி எழுதினார்கள். இயேசுவின் இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும் என்று கூட்டம் சொல்லும் மத்தேயு 27:25 வசனத்தை நாமும் நாடகத்தில் சேர்ப்பதில்லை. இயேசு, மரியா, சீடர்கள் எல்லோருமே யூதர்கள். ஆகவே எதிராளிகளுக்கு மட்டும் தனி உடை, ஒட்டு மூக்கு எல்லாம் வேண்டாம். குருத்தோலை ஞாயிறு அன்று பாடுகளின் வாசகத்தில் கூட்டத்தின் பகுதியை வாசிப்பது யார்? பெஞ்சில் நிற்கும் நாம்தான்.

இந்த வருடம் நான்தான் இயேசு. சிலுவையில் தொங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (விவேக்நகர்)

தம்பி, நீங்கள் தொங்கவே கூடாது. உடல் எடை முழுக்கப் பாதப் பலகையில்தான் நிற்க வேண்டும். இடுப்புத் துணிக்குள் பெல்ட் போட்டு நடுக்கட்டையோடு பிணைத்துவிடுவோம். ஆணித் தலை மட்டும் தெரியும், நீங்கள் பிடித்துக்கொள்ள உள்ளங்கைக்குள் ஒரு கொக்கி இருக்கும். எடை கைகளில் இறங்கினால் மூச்சு விடச் சிரமமாகலாம். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். அதனால் சிலுவையை நிமிர்த்துவது முதல் இறக்குவது வரை பத்து நிமிடத்தைத் தாண்ட விட மாட்டேன். வலது கையை மூன்று முறை விரித்து மூடினால், கீழே நிற்கும் நூற்றுவர் தலைவர் உடனே இறக்கச் சொல்லிவிடுவார். அவருக்கு அதுதான் முதல் வேலை, வசனம் அப்புறம்.

சுமக்கும் சிலுவை வேறு, நிறுத்தும் சிலுவை வேறு. சுமப்பது உள்ளே காலியான பிளைவுட் பெட்டிதான். தண்டனை பெற்றவர் குறுக்குக் கட்டையை மட்டுமே சுமந்தார் என்பது வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. ஆனால் இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதையில் நம் மக்கள் பார்த்துப் பழகியது முழுச் சிலுவை, அதையே வைத்துக்கொள்கிறோம். முள்முடிக்கு நிஜ முள் வேண்டவே வேண்டாம். பக்தியில் சிலர் கேட்கிறார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை.

தாடி வளர்க்கணுமா, ஒட்டினால் போதுமா?

வளர்க்க முடிந்தால் நல்லது. ஓபராமெர்காவில் நாடகத்துக்கு முந்தைய வருடத்தில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்தே முடியும் தாடியும் வளர்க்கிறார்கள், ரோமைப் படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

ஒருசந்தி இருந்துகொண்டு நடிக்கலாமா, அம்மா?

கட்டாய நோன்பு நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். நம் பாஸ்கா அந்த நாட்களில் இல்லை. நீங்களாகவே இருந்தாலும் தண்ணீர் குடிப்பது நோன்பை முறிக்காது. குடியுங்கள்.

எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. (எஜிபுரா)

பெங்களூரில் பிறந்த நம் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான், வெட்கப்பட எதுவும் இல்லை. வசனத்தைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக்கொள்ளுங்கள். ழகரத்தை நான் சொல்லித் தருகிறேன்.

நான் வெரோணிக்கா. துணியால் முகம் துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

அவசரப்படாதே கண்ணு. நற்செய்திகளில் வெரோணிக்கா இல்லை, சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில்தான் வருகிறாள். வசனம் கிடையாது, அதனால் நடையில்தான் எல்லாம் இருக்கிறது. படைவீரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டுவான். நீ அவனைப் பார்க்கவே கூடாது, இயேசுவை மட்டும் பார். முக்காடுத் துணியைத் தலையிலிருந்து எடுக்கும் அந்தக் கணத்தில் ஒரு மூச்சு நில். துடைத்த பிறகு துணியை உடனே ஜனங்களிடம் விரித்துக் காட்டாதே. முதலில் நீ பார், நீ பார்த்தபின்தான் அவர்கள் பார்க்க வேண்டும். இயேசுவின் முகம் பதிந்த துணி மடியில் இன்னொன்றாக இருக்கும். மாற்றுவதை வீட்டிலேயே கண்ணாடி முன் பழகிக்கொள்.

என் இந்து நண்பன் படைவீரனாக வர ஆசைப்படுகிறான்.

தாராளமாக வரட்டும். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பெரிய வெள்ளியன்றே ஏன் போடுவதில்லை?

அன்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று வழிபாடுகள் அடுத்தடுத்து இருக்கும், வளாகம் காலியாகாது. இரவு பத்துக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கவும் பொதுவாக அனுமதி கிடையாது. அதனால் முந்தைய சனிக்கிழமை மாலை, ஆறரைக்குச் சரியாகத் தொடங்கிவிடுவோம். ஏப்ரல் மழை வந்தாலும் வரும். வயர்களைத் தரையில் விடாமல் உயரத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது. ஓசன்னா காட்சியில் வருகிறான். சாட்டையடியைப் பார்த்தால் பயந்துவிடுவானோ? (ஒரு தாய்)

முதல்முறை பார்க்கும் குழந்தைகள் அழுவார்கள்தான். சாட்டை வெறும் பஞ்சு நூல், சிவப்புச் சாயத்தில் நனைத்தது. படும் இடத்தில் கோடு விழும், வலிக்காது. சத்தம் வருவது தூணில் அடிக்கும் இன்னொரு வாரிலிருந்து. ஞாயிறு ஒத்திகைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாட்டையை அவன் கையிலேயே கொடுத்து, இயேசுவாக நடிக்கும் அண்ணனை அவனோடு பேச வைக்கிறேன். அப்படியும் பயந்தால், ஓசன்னா முடிந்ததும் நீங்கள் அவனை அழைத்துக்கொண்டு போகலாம்.