பன்னிரண்டு தடவை பார்த்தால் பன்னிரண்டு பிரஷர்

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு மாதத்துக்கு முன்பு பிரஷர் இருக்கிறது என்று சொல்லி, தினமும் காலையில் போட அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள மகள் ஒரு மெஷின் வாங்கித் தந்தாள். அன்றோடு நிம்மதி போயிற்று. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை பார்க்கிறேன். இப்போது 128 என்றால் கால் மணி நேரத்தில் 151. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் 162. குறைவாகக் காட்டுகிற நாளில் மாத்திரை போடுவதில்லை. மனைவி மெஷினை ஒளித்து வைக்கிறாள். இதில் எதுதான் என் பிரஷர்? நோட்டுப் பக்கங்களை இணைத்திருக்கிறேன். சாயங்காலமானால் கணுக்கால் கொஞ்சம் வீங்குகிறது, அது வேறு விஷயம்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நோட்டை முழுக்கப் படித்தேன். நாலாம் பக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை: காலை 6.10-க்கு 138, 6.12-க்கு 144, 6.13-க்கு 149, 6.15-க்கு 153. கடைசி எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், ‘மனைவியோடு பேசிக்கொண்டே பார்த்தது’. அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் ரத்தக் குழாய்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பயம் ஏறியது, பேச்சும் சேர்ந்தது, மெஷின் இரண்டையும் சேர்த்துக் காட்டிவிட்டது.

எது உங்கள் பிரஷர் என்றால், இந்த எண்களில் தனியாக எதுவும் இல்லை. பிரஷர் ஓரிடத்தில் நிற்கிற சமாச்சாரமே அல்ல. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியோடு நீளமான கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்து, 1733-ல் அதை எழுதி வெளியிட்டார். குழாயில் ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியது. ஏறிய பிறகும் அசையாமல் நிற்கவில்லை, துடிப்புக்குத் துடிப்பு எழும்பி இறங்கியது. (குதிரை பிழைக்கவில்லை. நமக்குக் கையில் மெஷினின் பட்டையைச் சுற்றுவதோடு வேலை முடிகிறது.) தூங்கும்போது குறையும், மாடிப்படி ஏறினால் கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்த 162-ல், அரைத் தூக்கமும் நிறைந்த மூத்திரப்பையும் ‘என்னமோ ஏதோ’ என்ற பதற்றமும் கலந்திருக்கின்றன. டாக்டர் சொன்னாலொழிய ராத்திரியில் பார்க்க வேண்டாம்.

அதனால் ஏழு நாள் மட்டும் ஒழுங்காகப் பாருங்கள். காலையில் பாத்ரூம் போய் வந்த பிறகு, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால், மறுபடி சாயங்காலம். அதற்கு முந்தின அரை மணியில் காபி, சிகரெட், வேக நடை எதுவும் கூடாது. முதுகு சாய்கிற நாற்காலியில் கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள், எங்கள் கிளினிக்குகளிலும்கூட. பட்டை வெறும் தோலின் மேல் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே கையை இறுக்கும், சட்டையைக் கழற்றிவிடுவது நல்லது. கையை மேஜை மேல் வையுங்கள், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு கூடிவிடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, பேசாமல். இரண்டையும் எழுதுங்கள், பிறகு மெஷினை மூடிவிடுங்கள். பிடிக்காத எண் வந்தது என்று மூன்றாவது தடவை அமுக்கக் கூடாது.

முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மிச்ச ஆறு நாளின் சராசரியை எடுங்கள். டாக்டர் அறையில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டு அளவுக்கு அது 135/85 (முதலில் வருவது மேல் அளவு, அடுத்தது கீழ் அளவு; நீங்கள் சொல்கிற 128, 162 எல்லாம் மேல் அளவு). உங்கள் டாக்டர் இன்னும் குறைவாக வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டில் ஒவ்வொரு காலையின் முதல் அளவையும் மட்டும் பொறுக்கிச் சராசரி பார்த்தேன்: 134/83. மாத்திரை விட்ட நாட்களும் கலந்திருப்பதால் இதை நான் நம்பமாட்டேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற 162 உங்கள் வாழ்க்கை அல்ல என்று சொல்ல இது போதும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் மாத்திரையை விடுவதுதான். 128 காட்டினால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், மாத்திரை வேண்டாம் என்று அல்ல. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். இன்று விட்டால் இன்று ஒன்றும் தெரியாது, அடுத்தடுத்த நாட்களில் அளவு ஏறும். அப்போது மெஷின் மேல் சந்தேகம் வரும், டாக்டர் மேல் சந்தேகம் வரும், விட்ட மாத்திரை மட்டும் நினைவுக்கு வராது.

கணுக்கால் வீக்கம் ‘வேறு விஷயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இந்த மாத்திரையில் சிலருக்கு அப்படி வீங்குவது நாங்கள் அடிக்கடி பார்க்கிறதுதான். அதனால்தான் மாத்திரையை நிறுத்த உங்கள் மனம் சாக்குத் தேடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். டாக்டரிடம் காட்டுங்கள். இதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்டதில்லை என்று பார்த்துவிட்டு, அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ அவரால் முடியும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி எதையாவது நீங்களே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அவை பிரஷரை ஏற்றும். உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

எப்போதாவது 180/120-ஐத் தாண்டிக் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், திடீரென்று பார்வை மங்குவது என்று ஏதாவது இருந்தால் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக இன்னொரு மாத்திரை போட்டுவிடாதீர்கள்.

மனைவி மெஷினை ஒளித்து வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவரிடமே இருக்கட்டும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு நாள் அவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பாருங்கள். ஆறு மாத நோட்டில் அவர் அளவு ஒரு இடத்தில்கூட இல்லை.