ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பிடிப்பது

அன்புள்ள ஐயா,

என் மச்சான் எங்கள் டவுனில் ஆட்டோ ஓடுகிறவர். போன சம்பள வாரம், ஸ்டாண்டுக்கு வந்த ஒருவர் நன்றாகப் பேசிப் பழகி, வைன் ஸ்டோரில் கால் போத்தலும் பைட்டும் வாங்கி வந்திருக்கிறார். "வண்டி இருக்கு, வேணாம்ணே" என்று மச்சான் முதலில் மறுத்திருக்கிறார். குடித்து முடிந்ததும், "புள்ளைக்குக் காய்ச்சல், தோட்டத்துக்கு ஒரு ஹயர் போவோம்" என்று அவரே ஏறி உட்கார்ந்தாராம். இரண்டாவது வளைவில் பொலிஸ். பின்னால் இருந்தவரும் பொலிஸ்தான். குடித்துவிட்டு ஓட்டியது குற்றம்தானே, எப்படிப் பிடித்தால் என்ன என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், நுவரெலியா மாவட்டம்

வணக்கம் தம்பி,

வீட்டில் சொல்வதில் பாதியை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல் என்பது நம் சட்டம் வைத்த எல்லை. நம் பாதைகளுக்கு அதுவே அதிகம். ரம்பொடை இறக்கத்தில் பனி மூடினால் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்குகூடத் தெரியாது.

அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மச்சான் குடிக்காமல் ஸ்டாண்டில் நின்றவர். குடிக்க வைத்ததும், காய்ச்சல் என்று பொய் சொல்லி வண்டியை எடுக்க வைத்ததும் அந்த அதிகாரி. அந்த இரண்டு வளைவுக்குள், கொழுந்து நிறுத்துவிட்டு நடந்து வரும் பெண்கள்மேல் ஆட்டோ ஏறியிருந்தால் யார் பதில் சொல்வது?

சிவில் உடையில் வருவதே தவறு என்று சொல்லமாட்டேன். 2025 தொடக்கத்தில் தூர இடத்து பஸ்களில் சிவில் உடைப் பொலிஸாரை ஏற்றி, கண்டபடி ஓட்டும் சாரதிகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். நல்ல வேலை. அங்கே அதிகாரி சீட்டில் இருந்து பார்க்கிறார். சாரதியின் காலை அக்சலரேட்டரில் வைத்து அமுக்கவில்லை. வைன் ஸ்டோர் வாசலில் நின்று, தள்ளாடிக்கொண்டு வண்டிக்குப் போகிறவரைச் சாவி போடும் முன்பே தடுக்கவும் முடியும். வழக்குக் கணக்கில் ஒன்று ஏறாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸில் 2006இல் மதுபான ஆணைக்குழுவின் ஆட்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பார்களுக்குள் போய், குடித்திருந்தவர்களை அங்கேயே கைதுசெய்தார்கள். அதே ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள்கூட அகப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். அங்கே வண்டி எடுக்கும் முன்பே பிடித்தது குறை. இங்கே எடுக்க வைத்தே பிடித்திருக்கிறார்கள். இது அதைவிட மோசம்.

இங்கிலாந்தில் 2001இல் லூஸ்லி என்பவரின் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதற்கு ஓர் அளவு சொன்னது. யாருக்கும் சாதாரணமாகக் கிடைக்கிற வாய்ப்பைத்தான் பொலிஸ் கொடுத்ததா, இல்லை, குற்றத்தையே உண்டாக்கியதா? உண்டாக்கியிருந்தால் வழக்கையே நிறுத்தலாம். நம் நீதவான் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனால் சட்டத்தரணி எடுத்துச் சொல்லலாம். ஒருவரைக் குற்றத்துக்குத் தூண்டுவது நம் தண்டனைச் சட்டக்கோவையின் 100ஆம் பிரிவிலேயே வருகிறது.

நம் ஆட்கள் தவணைக்குப் போய், குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டத்தைக் கட்டிவிட்டுத் திரும்புவார்கள். தண்டம் 25,000 முதல் 30,000 ரூபாய். அதைக் கடன்பட்டாவது கட்டலாம். லைசனை நிறுத்திவைத்தால் லீசிங் காசை எங்கே தேடுவது? தவணைக்கு முன்பே சட்டத்தரணியைப் பாருங்கள். மச்சான் கையெழுத்து வைத்த வாக்குமூலம் சிங்களத்தில் இருந்ததா, வாசித்து விளக்கினார்களா என்று கேளுங்கள். தமிழில் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. வைன் ஸ்டோர் கேமராப் பதிவு அழிவதற்குள் அதைக் கேட்டு வாங்கப் பாருங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதுங்கள்.

அப்புறம், மச்சான் எங்கேயும் "நான் குடிக்கவில்லை" என்று சொல்லக்கூடாது. குடித்ததையும், யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும், ஹயர் கேட்டு ஏறியது யார் என்பதையும் நடந்த வரிசையில் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.