மாரிக்கு முந்தின சனி ஞாயிறுகள்: வாசகர் கேள்வி-பதில்

ஆவணி முடிந்து புரட்டாதி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி என்று கேட்டுக் கொண்டிருந்தவர்கள் வான், தோணி, வர்ணப்பெட்டி என்று தொடங்குவார்கள். இந்த முறை வந்தவற்றில் ஆறு.

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா வாராவாரம் சிவந்த மேப்பிள் மரங்களின் கீழே சிநேகிதிகளோடு நின்று எடுத்த படங்களை அனுப்புறா. நமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. நாங்கள் எப்போது சுற்றுலா போனால் காசு வீணாகாது? (கல்முனை)

பதில்: நம் வீட்டு வாசலில் நிற்கும் வாதுமை மரமும் இலை சிவந்து கொட்டத்தான் செய்கிறது. அதைக் கூட்டி அள்ளுகிறோமே தவிர, படம் எடுப்பதில்லை.

கச்சான் காற்று அடங்கி மாரி மழை தொடங்கும் வரையுள்ள சில வாரங்கள்தான் நமக்கு வாய்த்த பருவம். ஒக்டோபர் பிறந்தால் பின்னேர இடி மின்னல் ஆரம்பிக்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் திரும்புகிற மாதிரித் திட்டம் போடுங்கள். அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஒக்டோபரோடு ஓய்ந்துவிடும், அந்த நேரம் அறை வாடகையைப் பேசிக் குறைக்கலாம். முற்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "மழை பிடித்தால் வேறு திகதி தருவீங்களா?" பதிலை வாட்ஸப்பில் வாங்குங்கள். வாயால் சொன்னது நவம்பர் வெள்ளத்தோடு போய்விடும்.

கேள்வி: நாங்கள் ஏழு ஆசிரியைகள். போயா விடுமுறைக்கு இங்கினியாகலை போக வான் ஒன்று பேசி, 10,000 ரூபா முற்பணத்தை வங்கிக் கணக்குக்குப் போட்டோம். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு "வண்டி பழுது" என்றார். இப்போது போனை எடுப்பதே இல்லை. காசு திரும்பி வருமா? (செங்கலடி)

பதில்: வரவைக்கலாம். வங்கிச் சீட்டையும் அவரோடு பேசிய செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். முதலில் கோபத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்தத் திகதிக்குப் பேசியது, எவ்வளவு போட்டது, ஏன் பயணம் நடக்கவில்லை, எந்த நாளுக்குள் காசு வேண்டும். முகவரி தெரிந்தால் அதையே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. சட்டத்தரணிக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை, இரண்டு தரப்பும் நேரில் இருந்து பேசுவதுதான் முறை. உங்கள் பகுதிச் சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஏழு பேரும் திரண்டு போக வேண்டாம். யாருடைய கணக்கிலிருந்து காசு போனதோ அவர் முறைப்பாட்டாளராக இருந்தால் தாள்கள் ஒத்துப்போகும்.

இனிமேல் வான் பேசுகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. நாள் வாடகை என்றால் அதற்குள் எத்தனை கிலோமீற்றர் என்று கேளுங்கள். மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடா போய்வர ஏறத்தாழ 70 கிலோமீற்றர்தான். 100 கிலோமீற்றருக்குக் குறையாமல் காசு வாங்குகிறவரிடம் பேசினால் மிச்சம் 30க்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். போகிற வழியில் வேறோர் இடத்தையும் பார்த்துவிடலாம், அல்லது நாலே பேர் என்றால் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறி அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். காத்திருப்புக் கூலி, ஓட்டுநரின் சாப்பாடு, இரவு தங்கினால் அவருக்கு இடம் எல்லாம் யார் பொறுப்பு என்பதையும் அதே செய்தியில் எழுதிக் கொள்ளுங்கள்.

காப்புறுதி அட்டையைக் காட்டச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வான் கூலிக்கு ஓடி விபத்துப்பட்டால், இழப்பீட்டை மறுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு இடமுண்டு. மலிவாக வரும் வான்களில் இந்தச் சிக்கல் ஒளிந்திருப்பதுண்டு.

கேள்வி: ஞாயிறு பின்னேரம் ஆறு பேர் வாவிக்கரையில் இருந்து நீர்வர்ணம் தீட்டத் தொடங்கியிருக்கிறோம். தாள் நெளிகிறது, தேய்த்தால் உரிகிறது. 48 நிறப் பெட்டி ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடக்கிறது, வாங்கலாமா? (கல்லடி)

பதில்: வேண்டாம். உங்கள் நோய் தாளில் இருக்கிறது, நிறத்துக்கு மருந்து கட்டப் போகிறீர்கள்.

பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பியின் தாள் பென்சிலுக்கும் பஸ்டலுக்கும் போதும், தண்ணீரைத் தாங்காது. 300 ஜிஎஸ்எம் என்று போட்ட நீர்வர்ணத் தாள் கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. சாதாரண போட்டோக்கொப்பித் தாள் 80தான், வித்தியாசம் புரியும். முழுப் பருத்தியில் செய்த தாள் விலை கூட. பழகும் காலத்துக்கு மரக்கூழில் செய்த 300 போதுமானது. கட்டாக வாங்காமல் பெரிய தாளாக வாங்கி ஆறு பேரும் வெட்டிப் பகிர்ந்தால் செலவு இன்னும் இறங்கும். நாலு ஓரத்தையும் பலகையில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுத் தீட்டுங்கள், நெளிவு பாதி அடங்கும்.

நிறத்தில் பன்னிரண்டு தாராளம். இரண்டு நீலம், இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு, ஒரு மண்நிறம் இருந்தால் வாவியின் எந்தப் பச்சையையும் கலந்து எடுக்கலாம். 48 நிறப் பெட்டியில் பாதி, இந்தக் கலவைகளையே முன்கூட்டிக் கலந்து அடைத்தது. குழாயில் வருவதை வாங்கினால் மிஞ்சியதைத் தட்டிலேயே காயவிடுங்கள், அடுத்த ஞாயிறு ஈரத் தூரிகை பட்டதும் இளகும். தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நனைத்து உதறினால் கூர் பிடிக்க வேண்டும். கடைக்காரர் ஒரு கோப்பைத் தண்ணீர் தரமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று, வாவித் தண்ணீரில் தூரிகை தோய்க்காதீர்கள். அது உவர், காய்ந்த பிறகு உப்பு பூக்கும். (வேண்டுமென்றே உப்புத் தூவித் தீட்டுகிற வித்தையும் உண்டு. அது பிறகு.)

இணையத்தில்தான் வாங்குவேன் என்றால், பொதி பிரிப்பதை முதல் வெட்டிலிருந்தே வீடியோ எடுங்கள். வாசலில் காசு கொடுத்து வாங்கும் பொதியைப் பிரித்துப் பார்க்கக் கொண்டு வருபவர் பெரும்பாலும் விடமாட்டார்.

கேள்வி: சேனாநாயக்க சமுத்திரக் குளத்தில் படகில் போய் யானை, பறவை பார்க்க நண்பர்கள் சேர்ந்து ஒரு தொலைநோக்கி வாங்கப் போகிறோம். "100 மடங்கு" என்று விளம்பரம் வருகிறது. (அம்பாறை)

பதில்: ஒருமுறை நானும் அந்த "100 மடங்கு" வாங்கினேன். இப்போது வீட்டுச் சின்னவன் அதில் எறும்பு பார்க்கிறான்.

தொலைநோக்கியில் 8 × 42 என்று எழுதியிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். ஆடுகிற படகில் பத்து மடங்குக்கு மேல் போனால் யானையும் ஆடும், உங்கள் தலையும் சுற்றும். 8 × 42 எடுங்கள். விடிகாலை மங்கலிலும் ஒளி போதும். கடைக்கு வெளியே வந்து தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை வாசித்துப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மருதமுனைக்குப் போய்க் கைத்தறிச் சாரமும் சாறியும் எடுக்க ஆசை. கைத்தறி என்று விசைத்தறித் துணியைக் கட்டிவிட்டால்? (அக்கரைப்பற்று)

பதில்: தறி ஓடும் வீட்டிலேயே போய் எடுத்தால் அந்தப் பயம் பாதி போய்விடும், நெசவையும் பார்த்ததாக இருக்கும். கடையில் என்றால் ஓரக்கரையைப் பாருங்கள். கைத்தறி என்றால், துணியை அகலம் குறையாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசி பட்டுச் சிறு துளைகள் இருபக்கமும் வரிசையாக இருக்கும். இழை அங்கங்கே தடித்து மெலிந்திருந்தால் அதைக் குறை என்று விலை பேசாதீர்கள், கை வேலையின் அடையாளமே அதுதான். பருத்தியா என்று அறிய, உதிரி நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். தாள் எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் வந்தால் பெரும்பாலும் பருத்தி. உருகி மணிபோல் கட்டிபட்டால் செயற்கை இழை. ஈரக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுக்கத்தான் வேண்டும். பருத்தி என்று உறுதி சொல்லி வேறெதையாவது கட்டியிருந்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களின் தொலைபேசி 1977.

கேள்வி: பௌர்ணமி இரவில் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் கேட்கத் தோணியில் போனோம். ஒரு சத்தமும் இல்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா? (காத்தான்குடி)

பதில்: தோணிக்காரர் பாட்டுக்கு உத்தரவாதம் தந்திருந்தால் கேளுங்கள்! சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள பௌர்ணமிகளில், கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காது வைத்தால் கேட்கும் என்பதுதான் ஊர்வழக்கு. பாலத்து வாகனச் சத்தம் அடங்கிய பிறகு போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை ஏறும் முன் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணுங்கள். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரைக்கும் எழும்பினால் அது உங்கள் அளவு இல்லை, சின்னதை வாங்குங்கள்.