விடியற்காலை மூன்று மணிக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறதா?

போன இதழில் குறட்டையைப் பற்றி இரண்டு பத்தி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிபேப் மெஷினைப் பற்றியவை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும் பெட்டி அது. நானும் ஆறு வருஷமாக அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவன். அதனால் டாக்டராகப் பாதி, நோயாளியாகப் பாதி என்றுதான் பதில் எழுத வருகிறது.

என் கணவருக்கு 56 வயது. ஸ்லீப் டெஸ்டில் மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது என்று வந்து, இரண்டு மாதமாக மூக்கு மாஸ்க் போடுகிறார். குறட்டை அடியோடு நின்றுவிட்டது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வாய் அட்டை மாதிரி காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மறுபடி படுக்கிறார். படுக்கும் முன்பே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லட்டுமா? — வாசகி, திருச்சி

வேண்டாம் அம்மா. தண்ணீர் நாக்கை நனைக்கும், அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் மறுபடி காயும். மூக்கு வழியாக அழுத்தத்தோடு உள்ளே போகிற காற்று, தூக்கத்தில் தாடை தொங்கி வாய் திறந்ததும் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கே திரும்பி வாய் வழியாக ஓடிவிடுகிறது. ஈரத்துணியை ஃபேனுக்கு நேர் கீழே கொடியில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ராத்திரி முழுக்க அவர் நாக்குக்கு நடக்கிறது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சாதாரணமாக வெளியே விடுகிற மூச்சில் இருக்கும் ஈரத்தை மூக்கு கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும். காற்று உள்ளே மட்டும் போய் வெளியே வாய் வழியாகப் போனால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோய், மூக்கின் உட்சதை காய்ந்து, வீங்கி, அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் அகலமாகத் திறக்கும். விடியற்காலையில் நிலைமை மோசமாவது இதனால்தான்.

என் ஊகம் சரியா என்று நீங்களே பார்க்கலாம். ராத்திரி எப்போதாவது விழிப்பு வந்தால், அவர் உதட்டுக்கு நாலு விரற்கடை முன்னால் புறங்கையை நீட்டுங்கள். கன்னம் உப்பி உப்பி அடங்கும், 'புஸ் புஸ்' என்று காற்று கையில் படும். காலையில் மெஷின் திரையிலும் லீக் எவ்வளவு என்று எண்ணாகவோ, சிரித்த முகம், சோக முகமாகவோ வரும். அதைச் செல்போனில் படம் பிடித்து ஒரு வாரம் சேர்த்து வையுங்கள், டாக்டரிடம் போகும்போது உங்கள் வாய்வார்த்தையைவிட அது அதிகம் பேசும்.

அடுத்தது மூக்கு. தூசி அலர்ஜி, சைனஸ், மூக்குத் தண்டு வளைவு என்று ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மாஸ்க்கோடு மல்லுக்கட்டுவது வீண். படுக்கும் முன் உப்புநீர்க் கரைசலால் மூக்கைக் கழுவுவது பலருக்கு நன்றாகவே கேட்கிறது (குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் வேண்டும்). அலர்ஜி இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவார். மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிப் போடுகிற, உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். மூன்று நாலு நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும்.

மூக்கு சரியாக இருந்தால், அப்புறம் ஹியூமிடிஃபயர். மெஷினோடு ஒட்டிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள், தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சூடாக்கும் பட்டனை இரண்டு மாதம் போடாமலே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில மெஷின்களில் அது 1 முதல் 8 வரை இருக்கும், சிலவற்றில் 5 வரை. இரண்டு நாளைக்கு ஒரு படி என்று ஏற்றிப் பாருங்கள். ஏசி அறையில் ரொம்ப ஏற்றினால் ட்யூபுக்குள் நீர் கோத்துக்கொண்டு 'களக் களக்' என்று சத்தம் வரும், சில நாள் மூக்கிலேயே தெறிக்கும். அப்போது ஏசியை இரண்டு டிகிரி கூட்டுங்கள், ட்யூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே ஸ்டூலில் வையுங்கள். தானே சூடாகும் ட்யூபும் கிடைக்கிறது, காசு கொஞ்சம் அதிகம்.

இதற்கும் மசியவில்லை என்றால் தாடையைத் தாங்கும் பட்டி, அல்லது வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். பட்டி சிலருக்குத்தான் கேட்கும். பெரிய மாஸ்க் போட்டால் காற்று வீணாகாது, சிகிச்சை பலிக்கும், ஆனால் வாய் திறந்தேதான் இருக்கும் என்பதால் வறட்சி முழுசாகப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அழுத்தம் தேவைக்கு மேல் வைத்திருந்தாலும் வாய் பிளக்கும். மெஷினின் ரெக்கார்டைப் பார்த்து அதைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார், நீங்களாக மெனுவுக்குள் புகுந்து மாற்றாதீர்கள்.

அவர் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. சளி, அரிப்புக்கான அலர்ஜி மாத்திரைகள், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தருகிற அமிட்ரிப்டிலின், நீர் பிரியவைக்கும் பிரஷர் மாத்திரைகள் எல்லாமே வாயைக் காயவைக்கும். சர்க்கரையையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள், மாஸ்க்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஏறிக்கிடக்கும் சர்க்கரையை விட்டுவிடக் கூடாது. எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும், அதனால் வாயில் போட்டுக்கொள்வது சர்க்கரை இல்லாத மிட்டாயாக இருக்கட்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வறட்சியைக் கூட்டும்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மணிக்கு 30-க்கு மேல் போனாலே தீவிர வகை, அவருக்கு 42. மூச்சு நிற்பது விடியற்காலைத் தூக்கத்தில்தான் பலருக்கு அதிகம். மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுவது, மழை வலுக்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்குகிற மாதிரி.

மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டில் புண் வந்துவிட்டது. இறுக்கவில்லை என்றால் காற்று கண்ணில் அடித்துக் காலையில் கண் சிவக்கிறது. இறுக்கினால் புண். என்ன செய்ய? — வாசகர், மதுரை

இறுக்கினால்தான் லீக் நிற்கும் என்று நானும் முதல் நாலு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன் சார். காலையில் கண்ணாடி பார்த்தால் கன்னத்தில் இரண்டு பக்கமும் மாட்டுக்குக் கயிறு கட்டிய மாதிரி தடம் இருக்கும், கிளினிக்குக்கு வருகிறவர்கள் "டாக்டர், முகத்தில் என்ன?" என்று கேட்பார்கள். விற்றவர் "மீடியம் எல்லாருக்கும் பொருந்தும்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார், எனக்கு வேண்டியது ஸ்மால். அது தெரிய நாலு மாதம்.

மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கோன் மடிப்பு, காற்று புகுந்து பலூன் மாதிரி லேசாக உப்பித்தான் முகத்தோடு ஒட்டவேண்டும். இறுக்கினால் அது நசுங்கிச் சுருங்கி, சுருக்கத்தின் வழியாகக் காற்று பீறிடும். அதனால் உட்கார்ந்துகொண்டு மாட்டாதீர்கள். எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் படுத்து, மெஷினை ஓடவிட்டு, பட்டியைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, மடிப்பு உப்பியதும் மெதுவாக உட்காரவிடுங்கள். அப்புறம் லீக் நிற்கும் அளவுக்கு மட்டும், இரண்டு பக்கமும் சமமாகப் பட்டியை இழுங்கள். பட்டிக்கு அடியில் விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும்.

நம் ஊர் விஷயம் ஒன்று. ராத்திரி முகத்துக்குத் தேங்காய் எண்ணெய், வாஸ்லின், கிரீம் தடவுகிற பழக்கம் இருந்தால், மாஸ்க் வழுக்கும், சிலிக்கோனும் சீக்கிரம் கெடும். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தலையில் எண்ணெய் வழிந்தால் பின்பக்கப் பட்டி ஏறி ஏறிப் போகும். மாஸ்க்கின் குஷனைத் தினமும் காலையில் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். கழுவியும் தொளதொளவென்று இருந்தால் அதன் ஆயுசு முடிந்துவிட்டது, மாற்றவேண்டியதுதான்.

அழுந்திய சிவப்பு எழுந்த அரை மணியில் மறைந்துவிட்டால் கவலை இல்லை. தோல் உரிந்து புண்ணாகவே இருந்தால், ஆறும்வரை மூக்குத்தண்டைத் தொடாத மாஸ்க்குக்கு மாறுங்கள். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன பில்லோ வகை, மூக்குக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்கும் வகை என்று இருக்கிறது. விற்றவரிடம் நாலைந்து வகையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். செருப்பையே போட்டு நடந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்.

ஹியூமிடிஃபயரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை ஊற்றலாமா? மினரல் வாட்டர்? — வாசகர், கோயம்புத்தூர்

பேட்டரி தண்ணீர் வேண்டாம், அது மனிதர் சுவாசிக்கவென்று தயாரித்தது அல்ல. மினரல் வாட்டரில் பெயரிலேயே மினரல் இருக்கிறது, சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் உப்பு அடியில் வெள்ளையாகப் படியும். மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காத நாளில் ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றிச் சமாளிக்கலாம். மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட வேண்டும், மேலே டாப்-அப் செய்யக் கூடாது. போன மாதம் ஒருவர் மூக்கு திறக்கட்டும் என்று அதில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டு, இருமிக்கொண்டே வந்தார். தைலம், கற்பூரம், துளசி எதுவும் அதற்குள் போகக் கூடாது.

வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கினால் வறட்சி போகும் என்று ரீல்ஸில் சொல்கிறார்களே? எனக்கு 29 வயது, மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. — வாசகர், சென்னை

தம்பி, ரீல்ஸ் போடுகிறவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மூக்கு அடைத்தால் தெரியாது. மூக்கு அடைப்பு, நெஞ்செரிச்சலோடு எதுக்களிப்பு, குடித்துவிட்டோ தூக்க மாத்திரை போட்டுக்கொண்டோ படுக்கும் பழக்கம், இதில் ஒன்று இருந்தாலும் டேப் ஆபத்து. வாந்தி வந்தால் வெளியே போக வழி இல்லை, மயக்கத்தில் கை போய்ப் பிய்க்காது. இவை எதுவும் இல்லாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒட்டவேண்டாம் என்பதுதான் என் கட்சி. மேலே திருச்சி அம்மாவுக்கு எழுதியதைப் படித்து, மூக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

எனக்கு 63 வயது. மாஸ்க்கை மூஞ்சியில் வைத்தாலே மூச்சு முட்டுகிறது, பயம் வருகிறது. தூங்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் டாக்டர்? — வாசகி, கும்பகோணம்

கரண்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பயத்தில் பாதி அதுதான். பெரிய மாஸ்க்கில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, காற்று நின்ற அடுத்த கணம் அது திறந்து வெளிக்காற்றை விடும். மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கவே இருக்கிறது. மாஸ்க்கின் முன்னால் பொடிப் பொடியாகத் துளைகள் இருக்கும், நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது. லீக் என்று நினைத்து ஒருவர் அதில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார், அப்படிச் செய்துவிடாதீர்கள்.

பயம் போக, மாஸ்க்கைப் படுக்கையறையில் பழகாதீர்கள். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது, பட்டி மாட்டாமல், ட்யூப் இல்லாமல், சும்மா கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். விளம்பரம் வரும்போது எடுத்துவிடலாம். நாலு நாள் கழித்து ட்யூபை மாட்டி மெஷினை ஓடவிடுங்கள், அப்புறம்தான் பட்டி. மெஷினில் 'ரேம்ப்' என்று ஒன்று உண்டு, காற்று மெல்ல ஆரம்பித்து நீங்கள் கண்ணயர்ந்தபின் ஏறும். அதைப் போட்டுத்தரச் சொல்லுங்கள். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் செய்து பார்த்தபோது காற்று ஊதியது வாக்குவம் கிளீனர் மோட்டார், மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்களாம். நமக்கு வெல்க்ரோ பட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. புதிதாக வாங்கிய மாஸ்க்கின் கிளிப் காந்தத்தில் ஒட்டுகிறது. பரவாயில்லையா? — வாசகர், சேலம்

கை நடுக்கமுள்ளவர்களுக்கு மாட்டுவது சுலபம் என்று காந்தக் கிளிப் வைக்கிறார்கள், ஆனால் அப்பாவுக்கு அது வேண்டாம். பேஸ்மேக்கர், மூளையில் போட்ட உலோகக் கிளிப் போன்றவை இருப்பவர்களும், அவர்கள் பக்கத்தில் படுப்பவர்களும் இந்த மாஸ்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். காந்தம் அந்தக் கருவிகளிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். நெஞ்சுக்கும் முகத்துக்கும் அவ்வளவு இடைவெளி இருக்கிறதே என்று நினைப்பீர்கள், தூக்கக் கலக்கத்தில் கழற்றி நெஞ்சின் மேலேயே போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சாதாரணப் பிளாஸ்டிக் கிளிப்போடு அதே மாதிரி மாஸ்க் கிடைக்கும். நாளைக்கே கடையில் கொடுத்து மாற்றுங்கள், இதய டாக்டருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். வீட்டில் பழைய மாஸ்க் இருந்து, அதில் காந்தம் இல்லையென்றால் இன்று ராத்திரிக்கு அதையே போட்டுக்கொள்ளட்டும்.